ஈர நிலத்தில் ஒரு கோயில்

பிப்ரவரியில் விஞ்செஸ்டருக்குப் போகிறேன் என்றதும், லண்டனில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா முகம் சுளித்தார். "மே மாசம் போயேன், பூவெல்லாம் பூத்திருக்கும். இப்போ போனா மழையும் சேறும்தான்." எனக்கு வேண்டியிருந்ததே அந்த மழையும் சேறும்தான். அவ்வூர்ப் பேராலயத்தின் நிலவறையில் குளிர்காலந்தோறும் தண்ணீர் ஏறும், கோடையில் வடியும். 900 ஆண்டுகளாக இப்படி ஏறி வடிகிற நீருக்கு மேலேதான் அந்தக் கோயில் நிற்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதைத் தண்ணீர் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை.

ஊரின் கீழ்ப்பக்கம் இட்சன் ஆறு ஓடுகிறது. நம்மூர்க்காரர்கள் பெரிய வாய்க்கால் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்தத் தெளிவை வாய்க்காலில் பார்க்க முடியாது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரிகிறது. நீர்ப்பாசிகள் நீண்ட கூந்தலைப் போல ஒரே திசையில் அலைகின்றன. சுற்றியுள்ள குன்றுகள் சுண்ணப்பாறை. பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊற்றாகக் கசியவிட்டு, மெல்ல ஆற்றுக்குக் கொடுக்கின்றன. ஆறு தெளிவாக இருப்பதற்கும் கோயிலின் நிலவறை நனைவதற்கும் அந்த ஒரே பாறைதான் காரணம். இந்த விஷயம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆற்றிலிருந்து மேலேறும் அகன்ற தெருவில் ஆல்பிரட் அரசர் வாளைத் தலைகீழாக உயர்த்திக்கொண்டு வெண்கலத்தில் நிற்கிறார். 899இல் இறந்தவருக்கு ஆயிரமாண்டு நினைவாக 1901இல் வைத்த சிலை. வெசெக்ஸ் அரசுக்கு இதுதான் முக்கியமான ஊர். இங்கிலாந்து என்ற ஒரு நாடு உருவாவதற்கு முன்பே அரசர்களைப் புதைத்த ஊர். இன்று கடைத்தெருவும் காப்பிக் கடையுமாக அமைதியாக இருக்கிறது.

கடைத்தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் மரங்கள் அடர்ந்த பாதை. அதன் முடிவில் பேராலயம். முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம்தான். சாலிஸ்பரியில் வானத்தைக் குத்தும் ஊசிக் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது படுத்திருக்கிறது. நடுவில் கழுத்தில்லாத ஆள் மாதிரி ஒரு சதுரக் கோபுரம், கூரைக்குச் சற்று மேலே எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. உயரத்தில் விட்டதை நீளத்தில் பிடித்திருக்கிறார்கள். மேற்கு வாசலிலிருந்து கிழக்குச் சுவர் வரை சுமார் 170 மீட்டர். ஐரோப்பாவின் மத்தியகாலப் பேராலயங்களில் இத்தனை நீளமானது அரிது.

உள்ளே போவதற்கு முன் வடபுறப் புல்வெளியில் நின்றேன். புல்லுக்கு நடுவே செங்கல் வரிசை ஒன்று நெளிந்து நெளிந்து போகிறது. சிலுவையும் அறைகளும் வளைவுமாக ஒரு கட்டடத்தின் தரைப்படம். பழைய ஆலயத்தின் சுவர்கள் இருந்த இடத்தை, 1960களில் அகழ்ந்து கண்டபின், செங்கல்லால் குறித்து வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சிறிதாகத் தொடங்கி, கூட்டிக் கூட்டிக் கட்டி, பெரிதானது அது. இப்போதைய கோயிலின் ஒரு பக்கம் இந்தக் கோட்டின் மேல் ஏறி நிற்கிறது. அதோடு இரண்டின் திசையும் சற்றே விலகியிருக்கிறது. பழையவரின் தோளில் புதியவர் கோணலாகச் சாய்ந்து நிற்பதைப் போல.

இந்தப் புல்வெளியில்தான் சுவிதின் இருந்தார். 9ஆம் நூற்றாண்டு ஆயர். தன்னை ஆலயத்துக்குள் புதைக்க வேண்டாம், போகிறவர் வருகிறவர் காலும் மழைத்துளியும் படுகிற வெளியிடத்தில் புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். நூறாண்டு கழித்து அவர் புனிதரானார். 971 ஜூலை 15 அன்று எடுத்து உள்ளே வைத்தார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை, அன்று மழை கொட்டியது என்கிறது கதை. ஜூலை 15இல் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது என்று ஆங்கிலேயர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் செய்த அற்புதங்களில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பாலத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் கூடை கவிழ்ந்து முட்டைகள் உடைந்துவிட, அவற்றை மறுபடி முழுசாக்கிக் கொடுத்தார். குருடருக்குப் பார்வை, முடவருக்கு நடை என்று எத்தனையோ புனிதர்கள். உடைந்த முட்டையை ஒட்டிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அதே வெளியில் ஒரு படைவீரரின் கல்லறைக்கல்லும் உண்டு. தாமஸ் தெட்சர் என்பவர் உடம்பு சூடாக இருக்கும்போது குளிர்ந்த லேசான பீரைக் குடித்து 1764இல் காய்ச்சல் வந்து செத்தார் என்று அதில் பாட்டாகவே வெட்டியிருக்கிறார்கள். 1918இல் போருக்குப் போகும் வழியில் இதைப் படித்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் பிற்காலத்தில் குடிநோயாளிகளுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன். பேராலயத்தில் இத்தனை அரசர்கள் கிடக்க, உலகத்தில் அதிகம் பேருடைய வாழ்க்கையோடு தொடர்புள்ள கல் இந்தப் படைவீரருடையதாக இருக்கலாம்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். நாலே ஆண்டில் இந்த ஊருக்கு வால்கெலின் என்ற நார்மன் ஆயர் வந்தார். 1079இல் புதிய கோயிலைத் தொடங்கினார். கல் வைட் தீவிலிருந்து படகில் வந்தது. மரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஹெம்பேஜ் காட்டில் சில நாளில் வெட்ட முடிகிற மரத்தை எடுத்துக்கொள் என்று அரசர் வில்லியம் அனுமதி கொடுக்க, ஆயர் அக்கம்பக்கத்துத் தச்சர்களையெல்லாம் திரட்டிக் காட்டையே மொட்டையடித்துவிட்டார். அந்த வழியாக வந்த அரசர், "இங்கே எனக்கு அருமையான காடு ஒன்று இருந்ததே, எனக்கென்ன சூனியம் வைத்துவிட்டார்களா?" என்று திகைத்தாராம். எந்த ஒப்பந்தக்காரரும் ரசிக்கக்கூடிய கதை. 1093 ஏப்ரலில் துறவிகள் புதிய கோயிலுக்குக் குடிபுகுந்தார்கள். ஜூலை 15இல் சுவிதினின் எலும்புகள் வந்தன. மறுநாளே பழைய ஆலயத்தை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. என் காலடியில் இருந்த செங்கல் கோடு அந்த அவசரத்தின் மிச்சம்.

மேற்கு வாசல் 14ஆம் நூற்றாண்டு. நார்மன் கோயில் இன்னும் 12 மீட்டர் மேற்கே நீண்டிருந்தது. எடிங்டன் என்ற ஆயர் அதை இடித்துச் சுருக்கி இந்த முகப்பை எழுப்பினார். உள்ளே நுழைந்ததும் வெளியே பட்ட ஏமாற்றம் போய்விட்டது. நடுக்கூடம் இரண்டு பக்கமும் தூண்கள் அணிவகுக்கக் கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறது. தரையிலிருந்து கிளம்பும் கல் வரிகள் தூணின் உடம்பில் நரம்பு நரம்பாக ஏறி, மேலே விசிறியாக விரிந்து, விதானத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர், கம்பளிக் கையுறையைக் கழற்றவே இல்லை. "அழகாக இருக்கிறதா?" என்றார். தலையாட்டினேன். "இப்போது தூணின் பருமனைப் பாருங்கள்."

பார்த்தேன். அத்தனை நரம்புகளுக்கும் உள்ளே தூண் யானைக்கால் மாதிரி இருந்தது.

நான் வரலாற்றுப் புத்தகங்களில் படித்திருந்தும் நேரில் பார்க்கும்வரை நம்பாமலிருந்த விஷயம் இதுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், எழுபது வயதை எட்டிய ஆயர் வைக்கமின் வில்லியம், பழைய நார்மன் கூடத்தைப் புதுப்பாணிக்கு மாற்ற நினைத்தார். அதே காலத்தில் கான்டர்பரியிலும் அதே ஆசை. அங்கே பழையதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். தூண்கள் கமுகு மரம்போல ஒல்லி. இங்கே வைக்கமின் தலைமைக் கொத்தர் வில்லியம் வின்ஃபர்ட் இடிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த நார்மன் தூண்களின் மேலேயே உளியை வைத்தார். பழைய கல்லையே இருந்த இடத்தில் செதுக்கிப் புது வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சில தூண்களில் மட்டும் மேல் கல்லை உரித்துவிட்டு வேறு கல் போர்த்தினார். மூன்று அடுக்காக இருந்த சுவரில் கீழ் வளைவை எடுத்துவிட்டு, முதல் இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கி உயரமான கூர்வளைவாக்கினார். மரத்தட்டி இருந்த இடத்தில் கல் விதானம் வந்தது. பக்க நடைகளின் விதானத்துக்கு மேலே, கூரைக்கடியில் போய்ப் பார்த்தால் நார்மன் அரைவட்ட வளைவுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. பட்டுச் சேலைக்குள் பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவரைப் போல.

சிக்கனம் என்று சொல்லலாம். நான் திறமை என்பேன். வெறும் கல்லில் செதுக்குவது ஒரு வேலை. தலைக்கு மேலே பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிற தூணைச் செதுக்குவது இன்னொரு வேலை. கொஞ்சம் அதிகம் கொத்தினால் என்ன ஆகும் என்று வின்ஃபர்ட்டுக்குத் தெரிந்திருக்கும்.

வைக்கம் தூண்களுக்கு நடுவில் தன் ஆன்மாவுக்காகப் பூசை செய்யச் சிற்றாலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டார். உள்ளே அவருடைய உருவம் வண்ணம் பூசிய கல்லில் படுத்திருக்கிறது. காலடியில் சின்னஞ்சிறிய மூன்று துறவிகள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். கொத்தரின் முகம் இந்தக் கோயிலில் எனக்குக் கிடைக்கவில்லை. கால்மணி நடையில், வைக்கம் 1382இல் நிறுவிய பள்ளியின் சிற்றாலயச் சன்னல் கண்ணாடியில், கீழ் மூலையில் கொத்தரையும் தச்சரையும் கணக்கரையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கொத்தருக்கு அங்கே ஒரு மூலை கிடைத்ததில் எனக்குத் திருப்தி.

வடபக்க நடையில் ஜேன் ஆஸ்டினின் கல். 1817இல் வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வந்து, பள்ளியை ஒட்டிய தெருவில் நாற்பத்தொரு வயதில் இறந்தார். தரைக்கல்லில் அவர் குணம், பொறுமை, பக்தி எல்லாம் இருக்கிறது. நாவல் எழுதினார் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லும் பித்தளைத் தகடு 1872இல்தான் சுவரில் ஏறியது. எதிரே கறுப்புக் கல்லில் செய்த ஞானஸ்நானத் தொட்டி. 12ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னேயிலிருந்து வந்தது; புனித நிக்கோலாவின் கதைகள் சிற்பமாக இருக்கின்றன. எல்லா மனிதர்களுக்கும் தலை பெரிது. குழந்தை வரைந்த படம் மாதிரி, பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

"திரும்பி மேற்கே பாருங்கள்" என்றார் ஆசிரியை. உள்ளே நுழையும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய சன்னல். தூரத்திலிருந்து நிறங்கள் மின்னின. அருகே போய் உருவம் தேடினால் ஒன்றுமில்லை: இங்கே ஒரு தாடி, அங்கே ஒரு கை, நடுவில் வெறும் நீலச் சில்லு. 1642 டிசம்பரில் நாடாளுமன்றப் படை ஊருக்குள் புகுந்தபோது, கோயிலில் பெட்டிகளில் இருந்த பழைய அரசர்களின் எலும்புகளை எடுத்துச் சன்னலின் மேல் வீசினார்கள். முடியாட்சி 1660இல் திரும்பியபின் சில்லுகளைப் பொறுக்கி, எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் கைக்கு வந்தபடி ஈயத்தில் கோத்துவிட்டார்கள். ஒட்டு வேலைதான். ஆனாலும் அந்தக் கோயிலின் மற்றச் சன்னல்களைவிட நான் இதன் முன்தான் அதிகம் நின்றேன்.

கூடத்தின் முடிவில் சிலுவையின் இரண்டு கைகளைப் போல வடக்கும் தெற்கும் பிரிகிற இடத்துக்கு வந்ததும் காலம் சட்டென்று 300 ஆண்டு பின்னால் போகிறது. இங்கே யாரும் உளி வைக்கவில்லை. வால்கெலினின் கோயில் அப்படியே நிற்கிறது: அரைவட்ட வளைவுகள் மூன்று அடுக்கில், அலங்காரம் என்று எதுவுமில்லை, கனத்த வெள்ளைச் சாம்பல் கல். நடுக்கூடம் பேசிக்கொண்டே வந்தது. இந்த இடம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மொத்தக் கோயிலிலும் பிடித்த இடம் இந்த வடகை.

1100 ஆகஸ்டில் அரசர் வில்லியம் ரூஃபஸ் காட்டில் வேட்டையாடும்போது அம்பு பாய்ந்து செத்தார். உடலை இங்கே கொண்டுவந்து நடுக்கோபுரத்தின் கீழ் புதைத்தார்கள். தேவாலயச் சொத்தில் கைவைத்த அரசர், யாரும் அழவில்லை. 1107இல் கோபுரம் இடிந்து விழுந்தது. பாவியைக் கீழே வைத்தால் கோபுரம் தாங்குமா என்றது ஊர். அந்தக் காலத்து வரலாற்றாசிரியரான மாம்ஸ்பரி வில்லியம் இதை எழுதிவிட்டு, கட்டு வேலை சரியில்லாததால் அவர் அங்கே இல்லாவிட்டாலும் அது விழுந்திருக்கும் என்ற பொருள்பட ஒன்றைச் சேர்த்தார். 12ஆம் நூற்றாண்டுத் துறவியிடமிருந்து வந்த இந்த வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவர் சொன்னதை 1845இல் ஒருவர் கல்லிலேயே படித்துக் காட்டினார். ராபர்ட் வில்லிஸ் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், இயந்திரவியல் அறிந்தவர். இந்தக் கோயிலின் கட்டட வரலாற்றைப் பற்றி அவர் அந்த ஆண்டு ஆற்றிய உரைதான் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பாடம். அவர் செய்தது எளிய காரியம்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தைப் பார்த்தார். சில இடங்களில் சாந்துக் கோடு விரல் பருமன்; சில இடங்களில் மெல்லியது. பருமனானது விழுவதற்கு முன் கட்டியது. மெல்லியது விழுந்தபின் கட்டியது. இருபது முப்பது ஆண்டுக்குள் கல்தச்சர்களின் கை அவ்வளவு தேறியிருக்கிறது. ஆசிரியை காட்டிய இடத்தில் நானும் பார்த்தேன். சொன்னபின் தெரிகிறது, சொல்லாவிட்டால் ஆயிரம் தடவை கடந்து போயிருப்பேன். பயந்துபோனவர்கள் புதிய கோபுரத்துக்கு வைத்த நாலு தூண்களையும் பார்க்க வேண்டும். தேவைக்குப் பல மடங்கு பருமன். வழியையே மறைக்கின்றன. சூடுபட்ட பூனையின் கட்டடக்கலை.

நிலவறைக்கு வடகையிலிருந்துதான் வழி. சில படிகள் இறங்கியதும் ஒரு மேடை. அதற்கு மேல் விடுவதில்லை. விட்டாலும் போக முடியாது. தண்ணீர்.

தாழ்ந்த வளைவுகள், கட்டையான தூண்கள், அடியில் கறுப்புக் கண்ணாடியாக நீர். வளைவுகள் நீரில் தலைகீழாக முழுமையாகி வட்டங்களாகத் தெரிந்தன. நடுவில் ஒரு மனிதர் முழங்காலுக்கு மேல் நீரில் நின்றுகொண்டு, குவித்த கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டனி கோர்ம்லி 1986இல் தன் உடம்பையே அச்செடுத்து ஈயத்தில் செய்த சிலை. சிலை என்று தெரிந்தும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம்.

"ஒவ்வோர் ஆண்டும் வரும். குன்றுகள் நிறைந்தால் இங்கே நிறையும்" என்றார் ஆசிரியை. வால்கெலினின் ஆட்கள் அடித்தளம் தோண்டும்போது தண்ணீர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கீழே பீட் என்னும் கரிச்சேறு, செடிகொடி மக்கிய மெத்தை. அதற்கும் கீழேதான் கெட்டியான சரளை. தண்ணீரைத் தாண்டித் தோண்ட அவர்களிடம் வழியில்லை. அவர்களாவது ஓரளவு ஆழம் போனார்கள். 1202இல் ஆயர் த லூசி கிழக்கே யாத்ரீகர்களுக்காகக் கோயிலை நீட்டியபோது, இன்னும் சதசதப்பான நிலம். பீச் மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தெப்பம் போலச் செய்து, சேற்றின் மேல் போட்டு, அதன் மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். தெப்பம் எழுநூறு ஆண்டு தாங்கியது. தாங்கியது என்றால், மெதுவாக மூழ்கிக்கொண்டிருந்தது.

மேலே ஏறிக் கிழக்கே போனோம். பலிபீடத்தின் இரு பக்கத் தடுப்புச் சுவர்களின் மேல் ஆறு வண்ணப் பெட்டிகள். சன்னலின் மேல் எறிந்த எலும்புகளை மறுபடி பொறுக்கிப் போட்டவை. எக்பர்ட், கனூட், எம்மா என்று மேலே பெயர்கள். உள்ளே யார் யாரோ கலந்து கிடக்கிறார்கள். 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1300க்கு மேற்பட்ட எலும்புகளைப் பிரித்துப் பார்த்து, குறைந்தது 23 பேர் என்றார்கள். அதில் வயதான ஒரு பெண், இரண்டு அரசர்களை மணந்த எம்மாவாக இருக்கலாம்.

அதற்குப் பின்னால் த லூசியின் கூடம். நார்மன் கனத்துக்குப் பிறகு இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்: ஒல்லியான பளிங்குத் தூண்கள், கூர்வளைவுகள், தேய்ந்துபோன 13ஆம் நூற்றாண்டுத் தரையோடுகள். சுவிதினின் சமாதி இங்கே இருந்தது; 1538 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் விடியுமுன் வந்து உடைத்துப் போனார்கள். சமாதி மேடைக்கடியில் புனிதக் குழி என்ற சிறு பொந்து இன்னும் இருக்கிறது. எலும்புக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பக்தர்கள் தவழ்ந்து போன இடம். தரையில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது என் தலை சுற்றியது. சுற்றவில்லை, சுவர்தான் சாய்ந்திருந்தது. தெற்குச் சுவரும் அதன் தூண்களும் வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

1905இல் இந்தச் சரிவு நிற்காமல் போனது. விதானத்திலிருந்து கல் உதிர்ந்தது. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சன் சுவரின் அடியைத் தோண்டச் சொன்னார். மரத் தெப்பம் தெரிந்தது, பிறகு கரிச்சேறு, பிறகு குழி முழுக்கத் தண்ணீர். பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் வந்தார். பம்பு வைத்து இறைத்தால் நீரோடு நுண்மணலும் சுரண்டிக்கொண்டு வரும், சுவர் உட்கார்ந்துவிடும் என்று கண்டார். இறைக்கவும் கூடாது, இறைக்காமல் வேலை செய்யவும் முடியாது. தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு அதற்குள் ஆளை இறக்குவது என்று முடிவெடுத்தார்.

1906இல் வில்லியம் வாக்கர் இறங்கினார். கடலில் மூழ்கி வேலை செய்து பழகியவர். செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த காலணி, எல்லாம் சேர்த்து 90 கிலோ வரும் உடை. குழியின் ஆழம் 6 மீட்டர் வரை. அகலம் ஓர் ஆள் கைநீட்டுமளவு. கரிச்சேறு கலங்கிய நீர் மை மாதிரி. விளக்கு கொண்டுபோய்ப் பயனில்லை. போதாக்குறைக்கு நூற்றாண்டுகளாகப் பிணங்கள் புதைந்த மண்ணின் வழியே ஊறி வந்த நீர். அந்த இருட்டில் கையால் தடவித் தடவிச் சேற்றை வாரி மேலே அனுப்பினார். சரளை தட்டுப்பட்டதும் கான்கிரீட் மூட்டைகளை இறக்கச் சொல்லி, பரப்பி, கிழித்துவிட்டு, அதன் மேல் கான்கிரீட் கட்டைகளை வைத்து அடியை அடைத்தார். அடைத்தபின் அந்தக் குழியைப் பயமில்லாமல் இறைக்கலாம். கொத்தனார்கள் இறங்கிச் செங்கல்லால் மேல்வரை கட்டி முடிப்பார்கள். பிறகு அடுத்த குழி. இப்படிச் சுமார் 235 குழிகள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், 1911 வரை.

மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்தால் உடையைக் கழற்றினால் மறுபடி மாட்ட நேரமாகும் என்று தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டு, உடையோடு உட்கார்ந்து பைப் புகைப்பாராம். வாரக் கடைசியில் தென் லண்டனிலிருந்த வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவார். அவர் கைப்பட்டதும் மற்றவர்கள் கட்டியதுமாக உள்ளே போன சரக்கின் கணக்கு இருக்கிறது: 25,800 மூட்டை கான்கிரீட், 1,14,900 கான்கிரீட் கட்டைகள், 9 லட்சம் செங்கல். ஒன்றுகூட யார் கண்ணுக்கும் தெரியாது.

1912 ஜூலை 15, சுவிதின் நாளில் நன்றி வழிபாடு நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் அரசர் வந்தார். வாக்கருக்குச் சிறப்புச் செய்தார்கள். 1918இல் உலகைச் சுற்றிய விஷக் காய்ச்சலில் அவர் இறந்தார்.

கோயிலின் இந்தக் கிழக்குக் கோடியில் வாக்கருக்கு ஒரு சிறிய சிலை இருக்கிறது. அதன் எதிரே நின்றபோது ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1964இல் வைத்த முதல் சிலையில், பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்ததில் ஆள் மாறிவிட்டது. முக்குளித்தவரின் உடைக்கு மேல் பொறியாளர் ஃபாக்ஸின் முகம். இறங்கச் சொன்னவருக்கே, இறங்கியவரின் இடமும். 2001இல்தான் சரியான முகம் வந்தது. "நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பழைய சிலைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். "முப்பது வருஷம் வேறொருவருக்கு."

புதிய முகத்தைப் பார்த்தேன். மீசை வைத்த, உழைப்பாளி முகம். கறுப்புக் கல்லறைகளில் கைகூப்பிக் கிடந்த ஆயர்கள் ஒருவர் பின் ஒருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆள் மாறவில்லை.

மாலை வழிபாட்டுக்கு மணி அடித்தது. பாடகர்களின் மர இருக்கைகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். 14ஆம் நூற்றாண்டு ஓக் மரம்; கைவைக்கும் இடத்தில் இலைக்குள் ஒளிந்திருக்கும் முகம் ஒன்று என் விரலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. சிறுவர்களின் குரல் மேலே போய், அந்த நீளம் முழுக்க நடந்துவிட்டு, சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது. கேட்டவர்கள் முப்பது பேர் இருப்போம்.

வெளியே வந்தபோது நல்ல இருட்டு. தென்புறமாகச் சுற்றினேன். அந்தப் பக்கம் துறவிகளின் நடைமுற்றம் சுவரை ஒட்டி இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அதை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டோம் என்று தெரிய முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆனது. வாக்கர் அடியைக் கட்டி முடித்ததோடு ஜாக்சன் இந்தச் சுவருக்கு வரிசையாக முட்டுத்தாங்கிகள் வைத்தார். ஒவ்வொன்றும் தரையில் காலூன்றி, கை நீட்டிச் சுவரைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. நூறு வயதுதான். அந்தக் கூட்டத்தில் குழந்தை.

மேற்கு வாசலைச் சுற்றி வடக்கே வந்ததும், காலையில் பார்த்த செங்கல் கோட்டை இன்னொரு முறை பார்க்கலாம் என்று தோன்றியது. கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பாதையிலிருந்து புல்லில் இறங்கினேன். நாலடி வைத்திருப்பேன். வலது கால் கணுக்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்தால் ஷூ வரவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, குனிந்து, விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தேடி எடுத்தேன். குழியில் அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது, காலையில் ஆற்றில் பார்த்த அதே தெளிவோடு.